முப்பது மில்லிக்கு எத்தனை பாலாடை?

சமையல் மேடைமேல் இரண்டு வெள்ளிப் பாலாடைகள். மேடைக்கு இந்தப் பக்கம் என் அப்பா, அந்தப் பக்கம் என் மாமனார். நடுவில் ஒரு சொம்புத் தண்ணீர். ஜன்னலுக்கு வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

“எங்க வூட்டுப் பாலாடதான் பெருசு,” என்றார் அப்பா.

“வாயால சொன்னா ஆச்சா சம்மந்தி? இதோட வயித்தப் பாருங்க, அதோட வயித்தப் பாருங்க,” என்றார் மாமனார்.

“வயித்தப் பாத்தா? எங்குளுது ஆழம்.”

“ஆழமும் அகலமும் சேந்துதாங்க கொள்ளளவு.”

நான் உள்ளறை வாசலில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தேன். ஒன்றே முக்கால் கிலோ. தோளில் துண்டு கிடக்கிற மாதிரிதான் இருக்கும். அந்த இரண்டு பேர் மண்டையிலும் ஆளுக்கொரு பாலாடையால் ஒரு போடு போட்டால் என்ன என்று இருந்தது எனக்கு.

போன வாரம் குவார்ட்டர்ஸ் கொசுவைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார்: “கொசுவைப் பத்தியெல்லாம் எழுதுறீங்க, உங்க வீட்டு ஆம்பளைங்களைப் பத்தி எழுத மாட்டீங்களா?” எழுதாமல் விடுவேனா? இந்த வாரம் முழுக்க அவர்கள்தான், அம்மா.

இரண்டு ஆண்களும் ஒரு பிள்ளையும்

தலைப்பிரசவம் என்றால் பெண் தாய்வீட்டுக்குப் போக வேண்டும். எனக்குத் தாய் இல்லை. நான் கல்லூரியில் படிக்கும்போதே அம்மா போய்விட்டாள். மாமியார் இருக்கிறார், தங்கமான மனுஷி. ஆனால் சேலத்தில் என் நாத்தனாருக்கும் அதே மாதம்தான் நாள் குறித்திருந்தது. “அவளுக்குப் பாத்துட்டு நேரா உன்கிட்ட வந்துடறேன்மா,” என்று சொல்லிவிட்டுப் போனார். கணக்கு சரியாகத்தான் இருந்தது. என் பிள்ளைக்குத்தான் அவசரம். குறித்த நாளுக்கு ரொம்ப முன்னாலேயே வந்து நின்றுவிட்டாள்.

அதனால் கம்மாபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து அப்பா ஒரு மஞ்சள் பையோடு வந்து இறங்கினார். பெண் கொடுத்த வீட்டில் வந்து உட்கார்ந்து சாப்பிடுவதா என்று அவருக்கு ஒரே கூச்சம். “ஊர்ல இன்னா பேசுவானுங்க?” என்று முதல் இரண்டு நாள் மந்தாரக்குப்பத்தில் போய் டீயும் பன்னும் தின்றுவிட்டு வந்தார். அப்புறம் மாமனார்தான் கையைப் பிடித்து இழுத்து இலை போட்டார்.

தமிழ்நாடே கரண்ட் கட்டில் வெந்துகொண்டிருந்த சமயம் அது. கரண்ட் தயாரிக்கிற எங்கள் நெய்வேலி டவுன்ஷிப்பில் மட்டும் மின்விசிறி நிற்காது. அப்பா கூடத்தில் அதற்கு நேர் கீழே படுத்துக்கொண்டு, “எங்கூட்டுக் கொல்லைக்கு அந்தாண்ட மைன்ஸ் வெட்டறான். கரண்ட்டு மட்டும் எங்கூட்டுக்கு வர்றதில்ல. நானே அதத் தேடிக்கினு வந்துட்டன்,” என்பார்.

என் வீட்டுக்காரர் குமரவேலுக்கு மைன்ஸில் கன்வேயர் வேலை, ஷிப்ட் மாறி மாறி வரும். நிலக்கரிப் பொடி போகத் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து, தொட்டிலிலிருந்து நாலடி தள்ளி நின்று பிள்ளையைப் பார்ப்பார். “தூக்குங்களேன்” என்றால், “வேணாம், ஒடஞ்சிடும்” என்பார். இத்தனைக்கும் அவர் முடுக்கிய போல்ட்டை நாலு பேர் சேர்ந்தாலும் கழற்ற முடியாது.

ஆக, பகலெல்லாம் வீட்டில் நான், பிள்ளை, இந்த இரண்டு ஆண்கள். பிளாக்கில் பாதிப் பேர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “ஐயோ, பொம்பளையில்லாத வீட்டுல பச்சப்புள்ளையா!” என்று உச்சுக் கொட்டிவிட்டுப் போனார்கள். நான் என்ன பொம்மையா?

சிஸ்டர் சொன்னதும் நாங்கள் எடுத்துக்கொண்டதும்

பிள்ளைக்கு வாய் வைத்து இழுக்கத் தெம்பில்லை. இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுத் தூங்கிவிடும். பாலை எடுத்துப் பாலாடையில்தான் ஊட்ட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பாலாடை தெரியாதவர்களும் இந்தத் தொடரைப் படிக்கிறார்களாம், அதனால் சொல்கிறேன்: மூக்கு வைத்த சின்னக் கிண்ணம். மூக்கைப் பிள்ளையின் கடைவாயில் வைத்து மெல்லச் சாய்த்தால் பால் சொட்டுச் சொட்டாக இறங்கும்.

வீட்டுக்கு அனுப்பும்போது சிஸ்டர் பொறுமையாக எல்லாம் சொல்லிக் கொடுத்தார். “ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா முப்பது மில்லி குடுக்கணும். இதோ பாருங்க, இந்தப் பாலாடையில மூணு.” ஆஸ்பத்திரியின் எவர்சில்வர் பாலாடையில் மூன்று முறை ஊட்டியும் காட்டினார்.

நான் கேட்டேன், அப்பா கேட்டார், மாமனார் கேட்டார், குமரவேலும் கேட்டார். நாலு பேர் மண்டையிலும் ஏறியது ‘மூணு பாலாடை’. முப்பது மில்லி ஆஸ்பத்திரி வாசலோடு நின்றுவிட்டது. மில்லியில் யார் வீட்டில் பேசுகிறார்கள்? எண்ணெய் ஒரு குழிக்கரண்டி, காபிப்பொடி ரெண்டு ஸ்பூன், அரிசி நாலு ஆழாக்கு. பிள்ளைக்கு மூணு பாலாடை. நம் வாய்க்கு அதுதான் வரும்.

ஆஸ்பத்திரிப் பாலாடை ஆஸ்பத்திரியிலேயே இருந்தது. வீட்டில் எங்களுக்குக் காத்திருந்தவை இரண்டு. ஒன்று மாமனார் பீரோவிலிருந்து எடுத்தது, குமரவேல் குடித்து வளர்ந்தது. இன்னொன்று அப்பா மஞ்சள் பைக்குள் வேட்டியில் சுற்றி எடுத்துவந்தது. புத்தம் புதுசு. எங்கள் வம்சத்திலேயே வெள்ளியில் பால் குடிக்கப்போகிற முதல் பிள்ளை என் மகள்தான்.

எதில் ஊட்டுவது? அப்பா முகத்தைப் பார்த்தால் அவருடையதை ஒதுக்க முடியாது. மாமனாருடையதை ஒதுக்கினால் இந்த வீட்டு வழக்கத்தை ஒதுக்கியதாகிவிடும். கடைசியில் காலையில் மாமனார் பாலாடை, மதியத்துக்கு மேல் அப்பா பாலாடை என்று ஷிப்ட் போட்டோம். நெய்வேலியில் எல்லாவற்றுக்கும் ஷிப்ட்தானே!

மரக்காலும் காலனும்

இந்த இரண்டு பேருமே காலமெல்லாம் அளந்து பிழைத்தவர்கள். அதுதான் வேடிக்கை.

அப்பா சின்ன வயதில் பண்ணை வேலைக்குப் போனவர். கூலியாக நெல்லை மரக்காலில் அளந்து போடுவார்களாம். அந்த வீட்டில் மரக்கால் இரண்டு. குத்தகை நெல்லை வாங்க ஒன்று, கூலி நெல்லைக் கொடுக்க ஒன்று. பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி ஒரே சாயல். கூலி மரக்காலுக்கு மட்டும் உள்ளே அடிப்பலகை கொஞ்சம் தூக்கி இருக்குமாம்.

“கேக்க வேண்டியதுதானேப்பா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“கேட்டா நாளைக்கு வேல இருக்காது. வூட்டுக்கு வந்து எங்கம்மா அவ படியில கொட்டி அளந்து பாத்துட்டு அழுவா. நானு தெனமும் அதப் பாத்துக்கினே வளந்தன்.”

பிறகு ஒரு மாடு வாங்கி டீக்கடைகளுக்குப் பால் ஊற்ற ஆரம்பித்தார். உழக்கால் அளந்து ஊற்றிவிட்டு, மேலே ஒரு துளி கொசுறு ஊற்றாமல் வரமாட்டார். ஊரில் பால் சொசைட்டி வந்து லிட்டர் கணக்கானபோது, “லிட்டருக்கு ரெண்டர உழக்கு” என்று மனசுக்குள் ஒரு கணக்கு வைத்துக்கொண்டார். இன்றைக்கும் தண்ணீர் பாட்டிலைப் பார்த்தால் ‘ரெண்டர உழக்குத் தண்ணி’ என்றுதான் சொல்வார்.

மாமனாரோ மைன்ஸ் பம்ப் ஹவுஸில் பெர்மனென்ட்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். பூமிக்கடியிலிருந்து நீர் பொங்கிக்கொண்டே இருக்கும், அதை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் கரியை வெட்ட முடியும். அவர் சேர்ந்த காலத்துப் பெரியவர்கள் எல்லாம் நிமிஷத்துக்கு இத்தனை காலன் என்றுதான் பேசுவார்களாம். பிறகு லிட்டர் வந்தது. “காலன நாலரையால பெருக்கு, கொஞ்சம் கூடப் போட்டுக்க, லிட்டர் வந்துடும்” என்பது அவர் வேதம். எங்கள் வீட்டு வாளி இரண்டு காலன். குமரவேலின் பைக் டேங்க் இரண்டரைக் காலன்.

இவர்கள் இரண்டு பேரும் சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசுவதைக் கேட்க வேண்டுமே! ஒருவர் உழக்கில் பேசுவார், இன்னொருவர் காலனில் பதில் சொல்வார். நடுவில் லிட்டர் பாவம் அநாதையாக நிற்கும்.

அளவுச் சண்டை எங்கள் டவுன்ஷிப்புக்குப் புதுசும் இல்லை. ஒரே வரிசையில் எட்டு வீடு இருந்தால் எட்டு மாவட்டம். மூன்றாவது வீட்டுத் திருநெல்வேலி அக்கா என்னிடம் ஒரு படி அரிசி கைமாற்றாக வாங்குவார், நான் எங்கள் பக்கத்துப் பெரிய படியில் அளந்து கொடுப்பேன். திருப்பித் தரும்போது அவர் ஊர்ப் படியில் தலை தட்டிக் கொடுப்பார். அது கொஞ்சம் சின்னப் படி. அவர் ஏமாற்றவில்லை, அவருக்கு அதுதான் படி. எனக்கோ வயிறு எரியும். கடைசியில் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு லிட்டர் படி வாங்கி வைத்தோம். அப்புறம்தான் எங்களுக்குள் பேச்சே சுமுகமானது.

அரிசிக்குச் சரி. பிள்ளைக்கு யாருக்குத் தோன்றியது?

சமத்துப் பிள்ளை

“அழவே அழாதுங்க, அவ்ளோ சமத்து,” என்று மாமனார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். உண்மைதான், அழாது. எழுப்பினால்தான் கண்ணைத் திறக்கும். மூன்று பாலாடை குடித்ததும் திரும்பத் தூங்கிவிடும். நான் எடுத்து வைத்த பாலில் ஒவ்வொரு முறையும் மீதி இருக்கும். அதைச் சாக்கடையில் கொட்டக் கூடாது என்று கொல்லையில் செம்பருத்தி அடியில் ஊற்றிவிட்டு வருவேன்.

பால் நிறைய ஊறுகிறது, பிள்ளையும் சொன்னபடி குடிக்கிறது. ஆனால் எடை ஏறவில்லை. தோல் தொளதொளவென்று கிடந்தது. பார்க்க வந்த ஒரு அம்மா என் காதுபடவே சொன்னார்: “தாய்ப்பால் சிலருக்குத் தண்ணியா இருக்கும். சத்து இருக்காது.”

அந்த வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. பூண்டு தின்றேன், கருவாடு தின்றேன், பிடிக்காத சுறாப்புட்டும் தின்றேன். குளிக்கப் போகிறபோதெல்லாம் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். நம் உடம்பிலேயே கோளாறு இருந்தால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

பாலாடைச் சண்டை நடந்த அன்றைக்குக் காலையில்தான் பிள்ளையை எடை பார்க்க எடுத்துப் போயிருந்தோம். முள் போன தடவை நின்ற இடத்திலேயே நின்றது. டாக்டரம்மா கையைப் பிடித்துப் பார்த்தார், வயிற்றைத் தட்டிப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

“அடுத்த வாரம் வரைக்கும் பார்ப்போம். அதுக்குள்ள கொஞ்சமாவது ஏறணும். இல்லேன்னா பாண்டி பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் எழுதித் தரணும். அங்க உள்ள வெச்சு மூக்கு வழியா ட்யூப் போட்டுப் பால் கொடுப்பாங்க.”

“நான் கூட இருக்கலாமா டாக்டர்?”

“எப்பவும் உள்ள விட மாட்டாங்க. பால் எடுத்துக் கொடுத்துட்டு வெளிய இருக்கணும்.”

திரும்பி வரும் வழியெல்லாம் ஆட்டோவில் என் பிள்ளையை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் விட்டுவிட்டு நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாதான் ஆரம்பித்தார். “தப்பா நெனைக்காதீங்க சம்மந்தி. உங்க பாலாட பழசு. கொஞ்சமாத்தான் புடிக்குது. அதான் புள்ளைக்குப் பத்தல.”

மாமனாருக்குச் சுருக்கென்றது. “உங்குளுதுதாங்க சின்னது. என் பையன் இதுல குடிச்சுத்தான் ஆறடி வளந்தான்.”

கவலை வந்தால் ஆண்கள் அழமாட்டார்கள், சண்டை போடுவார்கள். இந்த இடத்தில்தான் நான் வாசலில் வந்து நின்றேன்.

தண்ணீரை அளந்தோம்

மாமனார் சட்டையை மாட்டினார். “பம்ப் ஹவுஸ்ல அளக்காம ஒருத்தனும் பேச மாட்டான். இருங்க வர்றேன்.”

அந்த வெயிலில் எங்கள் பிளாக்கின் மார்க்கெட் வரைக்கும் நடந்து போய், மெடிக்கலில் ஒரு சிரிஞ்ச் வாங்கிக்கொண்டு வந்தார். ஊசி இல்லாதது, பத்து மில்லி வரைக்கும் கோடு போட்டது. வேர்த்து வழிந்துகொண்டு மேடை முன்னால் நின்று கவரைப் பிரித்தார்.

முதலில் அவர் வீட்டுப் பாலாடை. தண்ணீரை ஊற்றினார். விளிம்புக்குக் கொஞ்சம் கீழேயே நிறுத்திவிட்டார்.

“ரொப்புங்க சம்மந்தி,” என்றார் அப்பா.

“டேங்க்ல எப்பவும் மேல கொஞ்சம் கேப் விடணும்ங்க. ரொம்ப ஊத்துனா புள்ளைக்குப் பொறை ஏறிடும். நான் தெனமும் இப்படித்தான் ஊத்தறேன்.”

தண்ணீரை சிரிஞ்சில் இழுத்துக் கண்ணருகே தூக்கிப் பிடித்தார். ஏழு.

“ரொப்பினா எட்டு வரும்,” என்றார், குரல் கொஞ்சம் இறங்கி.

அப்பாவுக்கு முகமெல்லாம் பிரகாசம். தன்னுடையதை எடுத்து விளிம்பு வழிய ஊற்றினார். கொசுறு ஊற்றிப் பழகிய கை. மாமனார் இழுத்தார். அப்பாவால் கோடு படிக்க முடியாது, கண்ணாடி கூடத்தில் இருந்தது. “எவ்ளோம்மா?” என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

நான் கிட்டே போய்ப் பார்த்தேன். ஆறு.

நான் அப்பா முகத்தைப் பார்க்கவில்லை, ஏனென்றால் எனக்கு வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. ஆறு. மூணு ஆறு பதினெட்டு. ஏழு. மூவேழு இருபத்தொண்ணு. சிஸ்டர் சொன்னது என்ன? மூணு பாலாடை. இல்லை, அதற்கு முன்னால் சொன்னது என்ன?

“மாமா, முப்பது அளந்து ஒரு டம்ளர்ல ஊத்துங்க.”

மூன்று சிரிஞ்ச் இழுத்து ஊற்றினார். பக்கத்து டம்ளரில் பதினெட்டு ஊற்றச் சொன்னேன். இரண்டு டம்ளரையும் ஒட்டி வைத்தேன்.

குழந்தைகூடச் சொல்லும், எது நிறைய என்று.

“முப்பதுன்னா ஒரு அவுன்ஸ் ஆச்சே,” என்று மாமனார் மெல்லச் சொன்னார். “அந்தக் காலத்துல மருந்து மிக்சர் பாட்டில்ல காயிதம் வெட்டி ஒட்டியிருப்பானே, ஒரு வேளைக்கு ஒரு கோடு. அவ்வளவு.”

அவுன்ஸ் என்றதும் அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் மிக்சர் குடித்தவர்தானே அவரும். “ஒரு அவுன்ஸா? அவ்ளோ குடிக்கணுமா எம் புள்ள?” என்றார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு ஆத்திரம், சிரிப்பு, அழுகை எல்லாம் ஒன்றாகப் பொத்துக்கொண்டு வந்தது. “புள்ளைக்கு நோய் ஒண்ணும் இல்ல! என் பால்லயும் குறை இல்ல! பசிப்பா, வெறும் பசி! செடிக்கு ஊத்தினேனே, அதெல்லாம் அவளோட பங்கு!” என்று கத்தினேன். அன்றைக்கு நான் கத்தியது நாலு வீடு தள்ளிக் கேட்டதாம். கேட்கட்டுமே.

ஐந்து

உடனே சிஸ்டருக்கு போன் போட்டேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு, “மில்லியப் புடிச்சுக்குங்கம்மா, பாலாடைக் கணக்க விட்டுடுங்க. முப்பதும் குடுக்கலாம். அவசரப்படாம, நிறுத்தி நிறுத்தி ஊட்டுங்க,” என்றார்.

போனை வைத்துவிட்டு வந்தால், அப்பா தன் பாலாடையை வேட்டி முனையில் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

“ஏம்ப்பா எடுத்து வெக்கறீங்க?”

“ஆசாரிகிட்ட பெருசாத்தான் செய்யச் சொன்னன் கண்ணு. உங்கம்மா கொலுசுதான் வெள்ளி. மெல்லுசுக் கொலுசு. உருக்கினா இவ்ளோதான் தேறுச்சு.”

அது அம்மாவின் கொலுசு என்பது அந்த நிமிஷம் வரைக்கும் எனக்குத் தெரியாது. பிள்ளையை வைத்துக்கொண்டு விசும்பக் கூடாது என்பார்கள். நான் விசும்பினேன்.

மாமனார் மேடைமேல் விரலால் ஏதோ கோடு போட்டுக்கொண்டு நின்றிருந்தார். “சம்மந்தி, பையிலேருந்து அத வெளிய எடுங்க. என்னுது எட்டு. முப்பதுக்கு மூணே முக்கால் பாலாட ஊத்தணும். அந்த முக்கால எந்த கேஜ்ல போய்ப் பாக்கறது? உங்குளுது ஆறு. அஞ்சு தடவ ஊத்தினா முப்பது, சொட்டு கூடாது, கொறையாது. இனிமே இந்த வூட்ல உங்குளுதுதான்.”

“நெசமாவா?”

“கணக்குல பொய் சொல்லுவனா? காலைலயும் அதுதான், மத்தியானமும் அதுதான். ஆனா ஊத்தறது ஷிப்ட்படிதான், அத விட்டுத் தர மாட்டேன்.”

அன்றைக்கு மதியமே முதல் முறையாக என் மகள் ஐந்து பாலாடை குடித்தாள். மூன்றாவதோடு நிறுத்துவாள் என்று நினைத்தோம். நாலாவதுக்கு நாக்கை நீட்டித் தேடினாள். அப்பா ஊட்டிக்கொண்டே, “குடிச்சிக்கினே இருக்காடா, குடிச்சிக்கினே இருக்காடா” என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். குமரவேல் ஷிப்ட் முடிந்து வந்து குளிக்காமலே வாசலில் நின்று பார்த்தார்.

நாலைந்து நாளில் சமத்துப் பிள்ளை போன இடம் தெரியவில்லை. பால் ஒரு நிமிஷம் தாமதமானால் வீட்டைக் கூரையோடு தூக்கினாள். சத்தம் கேட்டு ஓடிவந்த திருநெல்வேலி அக்கா, “ஏ யம்மா, இந்தப் பிள்ளைக்கு இம்புட்டுத் தொண்டை எங்கன இருந்துச்சு?” என்றார். எனக்கு அதைக் கேட்க அவ்வளவு இனிப்பாக இருந்தது.

தராசு

அடுத்த வாரம் எடை பார்க்கப் போனபோது நாலு பேரும் போனோம். குமரவேல் ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்தார். பாண்டிக்குப் போக நேர்ந்தால் என்று ஒரு பையில் துணிகூட எடுத்து வைத்திருந்தேன். யாருக்கும் சொல்லவில்லை.

பிள்ளையைத் தராசில் கிடத்தினார்கள். கையைக் காலை உதைத்ததில் முள் நிற்கவே இல்லை. “சும்மா இருடி தங்கம், ஒரு நிமிஷம்,” என்று சிஸ்டர் கெஞ்சினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“ஏறியிருக்கு,” என்றார் சிஸ்டர். இன்னொரு முறை பார்த்துவிட்டு, “நல்லாவே ஏறியிருக்கு டாக்டர்!”

டாக்டரம்மா வந்து பார்த்தார். “பாண்டியெல்லாம் வேணாம். வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. இனிமே நாப்பது மில்லி குடுங்க,” என்றார். மாமனார் அங்கேயே நின்று, “நாப்பதுன்னா ஏறக்கொறைய ஆறே முக்கா பாலாட ஆவுதே, இது ஒத்து வராதே,” என்று விரல் விட ஆரம்பித்துவிட்டார். அப்பா அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே போனார். அங்கே போய் இரண்டு பேரும் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டு அழுததைக் குமரவேல்தான் பார்த்திருக்கிறார். எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் சொன்னார்.

அதற்கடுத்த முறை போனபோது நானும் குமரவேலும் மட்டும். பிள்ளை அவர் கையில். அதற்குள் அவர் அவளைக் கீழே விடவே மாட்டேன் என்கிற ஆளாகியிருந்தார்.

டாக்டரம்மா பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டார். “இப்ப ஒரு வேளைக்கு எத்தனை மில்லி குடிக்கறா?”

“தெரியலைங்க டாக்டர்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “தெரியலையா? அளந்துதானே குடுக்கறீங்க?”

“நாலு நாளா பாலாடைய வாயில வெக்கவே விடமாட்டேங்கறா. தட்டி விட்டுடறா. நேரா என்கிட்டயே குடிக்கறா, அவளா விடற வரைக்கும்.”

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டுச் சிரித்தார். நான் இன்னொரு முறை சொன்னேன், கேட்காமலே.

“எவ்வளவுன்னு எனக்குத் தெரியவே தெரியாது டாக்டர்.”